மாத்திரை உறையில் நிலா

என் மகள் பல்கலைக்கழகத்தில் தொடர்பாடல் வடிவமைப்பில் முதுமாணிப் பட்டத்துக்குப் படிக்கிறாள். எழுத்தே இல்லாமல் படத்தால் விளங்கும் மருந்து உறை செய்வது அவளுடைய பாடவேலை. காலை மாத்திரைக்குச் சூரியன், இரவில் தூங்குவதற்கான மாத்திரைக்கு நிலா. முதலில் என் மருந்தைத்தான் அதில் போட்டுத் தந்தாள்.

நான் றப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். விடியுமுன் வேலைக்குக் கிளம்பும்போது வானத்தில் நிலாதான் இருந்தது. நிலா போட்ட உறையைப் பிரித்து விழுங்கினேன். மலையில் தலை சுற்றியது. மரத்தைக் கட்டிப் பிடித்ததால் பள்ளத்தில் விழாமல் தப்பினேன்.

“பார்த்துக் குடிக்கக்கூடாதாம்மா?” என்றாள் மகள்.

“பார்த்துத்தான் புள்ள குடிச்சேன். ஒன் படந்தான் பிழை. ஒங்களுக்குப் படிப்பிக்கிற சேர்கிட்டயும் போய்ச் சொல்லு.”

நிலாவை எடுத்துவிட்டுப் பாயும் தலையணையும் வரைந்தாள். விளங்காததற்கெல்லாம் தலையாட்டிப் பழகியவள் நான். இப்போது ஆஸ்பத்திரியிலும் “விளங்கல்ல” என்று சொல்லிவிட்டு, விளங்கும்வரை அங்கேயே நிற்கிறேன்.