பியர்க் குகையில் ஒரு வாளி தோசைமா

எனக்கும் என் மச்சாளுக்கும் சண்டை நடக்காத நாள் என்றால், இரண்டு பேரில் ஒருவருக்குக் காய்ச்சல் என்று அர்த்தம். மச்சாள் என் அண்ணையின் மனைவி. அண்ணை போய்ச் சேர்ந்த பிறகும் உறவு அப்படியேதான் இருந்தது, சண்டையும் அப்படியேதான் இருந்தது. சனிக்கிழமைகளில் கோலியர்ஸ் வுட் பக்கத்துச் சந்தையில் கூடாரம் போட்டுத் தோசை விற்போம். மா கரைப்பதும் சுடுவதும் அவள் வேலை. சம்பல் அரைப்பது, கார் ஓட்டுவது, 'இது பான்கேக் இல்லை' என்று வெள்ளைக்காரருக்கு நாள் முழுக்க விளக்கம் கொடுப்பது என் வேலை. வார நாட்களில் நான் ஒரு பள்ளிக்கூடக் குசினியில் மீன்விரல் பொரித்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பஸ்ஸில் போகும்போது தெரியும் அந்தப் பழைய பியர் ஆலை. உயரப் புகைபோக்கி, கறுத்த செங்கல், உடைந்த கண்ணாடி. ஆண்டுக்கணக்காகப் புறாக்கள் குடியிருந்தன. திடீரென்று சாரம் கட்டினார்கள், செங்கல்லைக் கழுவினார்கள். மேலே வீடுகள், நடுவில் முற்றம், அடியில் இருந்த குகைகளில் சாப்பாட்டுக் கடைகள் என்று பெரிய பலகை போட்டார்கள். ஆலை நின்ற சரிவுக்குள்ளே சுண்ணக்கல்லைக் குடைந்து அந்தக் காலத்திலேயே வரிசையாகக் குகைகள் வைத்திருந்தார்களாம். ஒரு குகையை அக்கம்பக்கத்தில் சமைக்கிற ஆட்களுக்கே கொடுப்போம், ருசி பார்த்துத் தெரிவு செய்வோம் என்றும் பலகையில் இருந்தது. நான் அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டேன். மச்சாளிடம் பிறகுதான் சொன்னேன்.

"குகைக்குள்ளையோ? நான் என்ன கரடியோ?" என்றாள் மச்சாள்.

ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளுக்கும் அப்போது நிலைமை இறுக்கமாக இருந்தது. அவள் வாடகைக்கு இருந்த வீட்டைச் சொந்தக்காரர் விற்கப் போகிறார். கனடாவில் இருக்கும் மகள் 'அம்மா, இங்கை வந்திடுங்கோ' என்று ஒவ்வொரு ஞாயிறும் போனில் அழுகிறாள். இரண்டாவது பிள்ளை பிறக்கப் போகிறது. குகை கிடைத்தால் மச்சாள் என் வீட்டுச் சின்ன அறைக்கு வந்துவிடுவாள், இரண்டு பேருமாகக் கடை நடத்துவோம். கிடைக்காவிட்டால் அவள் டொராண்டோவுக்குப் போவாள். இதுதான் எங்களுக்குள் பேச்சு. அவளில்லாமல் லண்டனில் எனக்கு யார் இருக்கிறார்கள்? என் பிள்ளைகள் இரண்டும் என்னோடு சண்டை பிடிக்கக்கூட நேரமில்லாத பிள்ளைகள். அந்தக் குகை எனக்குக் கிடைக்கத்தான் வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

எத்தனையோ பேர் கேட்டு, கடைசிச் சுற்றுக்கு எங்களையும் கூப்பிட்டார்கள். ருசி பார்க்க வருவதற்கு முதல் நாள் பின்னேரம் சாமான்களைக் கொண்டுவந்து வைக்கலாம் என்றார்கள். வாசலில் கட்டட வேலைப் பொறுப்பாளர் நின்றார். தாடி வைத்த நெடிய வெள்ளைக்காரர், நல்ல மனுசன். ஹெல்மெட் போடாமல் உள்ளே விடமாட்டேன் என்றார். மச்சாளின் கொண்டைக்கு மேலே ஹெல்மெட் உட்காரவே மாட்டேன் என்றது. அழுத்தினால் எழும்புகிறது, எழும்பினால் அவர் அழுத்துகிறார். கடைசியில் கொண்டையை அவிழ்த்துத் தலைமயிரைத் தோளில் விட்டுக்கொண்டு, மஞ்சள் ஜாக்கெட்டும் போட்டு மச்சாள் உள்ளே நடந்தாள். "படம் எடுத்தீரெண்டால் கொலை விழும்" என்றாள். நான் எடுத்தேன்.

உள்ளே எவ்வளவு அழகு! வெள்ளைச் சுவர், வளைந்த கூரை, புதிதாக மாட்டிய மஞ்சள் விளக்குகள். வெளியே அந்தக் கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே காலடி வைத்ததும் உடம்பெல்லாம் குளிர்ந்தது. பொறுப்பாளர் எங்களுக்கு ஒதுக்கிய வளைவைக் காட்டினார். பியர்ப் பீப்பாய்கள் மாதக்கணக்கில் இங்கேதான் கிடந்தன என்று பெருமையாகச் சொன்னார். அதைக் கேட்டதும் என் மண்டைக்குள் ஒரு விளக்கு எரிந்தது. அது எரியாமலே இருந்திருக்கலாம்.

முந்தின சனிக்கிழமை அந்த வெயிலுக்கு வீட்டில் மா பொங்கி, வாளியைத் தாண்டி, குசினி நிலமெல்லாம் ஓடி, புளிப்புத் தலைக்கேறி, சந்தையில் ஒரு கிழவர் முகத்தைச் சுளித்துத் தோசையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நாளைக்கும் அப்படியானால் எங்கள் கதை முடிந்தது. ஆகவே சொன்னேன்:

"மச்சாள், கரைச்சுக் கொண்டந்த மா வாளியை இரவைக்கு இங்கையே வைப்பம். பியர் புளிச்ச இடம், எங்கட மா புளியாதோ? சுவரிலையே புளிப்பு ஊறியிருக்கும். அளவாய்ப் பொங்கும்."

மச்சாள் சுவரைப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"உம்மட விருப்பம்" என்றாள்.

நான் உப்புப் போட்டால் கூட 'விசரே உமக்கு, அவ்வளவும் போடுறீர்' என்று கத்துகிறவள், நாற்பது வருசமாக மாவுக்குக் கிட்ட ஒருவரையும் விடாதவள், 'உம்மட விருப்பம்' என்கிறாள்! அங்கேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். நான் என் மூளையை மெச்சிக்கொண்டு கார் திறப்பைத் தேடினேன்.

அடுத்த நாள் காலை வாளி மூடியைத் திறந்தேன். மா வைத்த இடத்தில் வைத்தபடி கிடந்தது. ஒரு குமிழி இல்லை. அகப்பையால் கிளறினால் சுவருக்குப் பூசுகிற சுண்ணாம்புச் சாந்து மாதிரி மெதுவாக மூடிக்கொண்டது. மூக்கை வைத்து மணந்தேன். உளுந்து மணந்தது, வெந்தயம் மணந்தது, புளிப்பு மட்டும் மருந்துக்கும் இல்லை.

பொறுப்பாளரைக் கூப்பிட்டுக் கேட்டேன். மனுசன் வாய்விட்டுச் சிரித்தார். பியர் மேலே ஆலையில் புளித்ததாம். குகைக்கு இறக்கியது அதற்கு மேல் புளிக்காமல் குளிரில் அடக்கி வைக்கத்தானாம். அதற்காகத்தான் இவ்வளவு ஆழத்தில் குடைந்தார்களாம். சொல்லிவிட்டு ஒரு விசிலும் அடித்துக்கொண்டு போனார். ருசி பார்க்கிறவர்கள் வர இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

என் கோபம் எப்போதும் சரியான ஆளிடம் போவதில்லை. அன்றைக்கு மட்டும் சரியான ஆளிடமே போனது.

"மச்சாள், குளிருக்கை மா பொங்காதெண்டு உமக்குத் தெரியாதோ? பனிக்காலம் முழுக்க வாளியைச் சூடான பொயிலர் அலுமாரிக்குள்ளை வைச்சுப் போர்த்துப் படுக்க வைக்கிற ஆள் நீர்!"

"தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சோ வாயை மூடிக்கொண்டு இருந்தனீர்?"

"ஓம்."

அவள் தோசைக்கல்லைத் துடைத்தாள். ஏற்கெனவே பளபளவென்று இருந்த கல். பிறகு என்னைப் பாராமல் சொன்னாள்:

"எனக்குப் போகவேணும். பிள்ளை தனியக் கஷ்டப்படுறாள். பேரப்பிள்ளையைப் போனுக்குள்ளையே பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துப்போச்சு. உமக்கு எப்பிடிச் சொல்லுறது? சின்ன அறைக்குப் பெயின்ற் அடிச்சு, எனக்கெண்டு கட்டிலும் வாங்கிப்போட்டிருக்கிறீர். நேரை சொல்ல ஏலாமல் இருந்தது. நேற்று நீர் வாளியை இங்கை வைப்பம் எண்டு சொல்லேக்கை, சரி, இது தானாய் முடியட்டும் எண்டு நினைச்சிட்டன்."

எனக்கு வந்தது கோபமா, அழுகையா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. 'டொராண்டோக் குளிருக்கை மனுசர் இருப்பினமோ' என்று வருசக்கணக்காகத் திட்டினவள் இவள். அந்தத் திட்டை நம்பித்தானே நான் கட்டில் வாங்கினேன்.

"அப்ப இதைக் கட்டிக்கொண்டு வீட்டை போவம்" என்றேன். மானம் போகிறது என்று நினைத்து மூக்கை உறிஞ்சினேன்.

"காருக்குள்ளை இன்னொரு வாளி இருக்கு" என்றாள் மச்சாள்.

"என்ன?"

"இராத்திரி வீட்டிலை திரும்பக் கரைச்சனான். விடிய எழும்பிக் கிண்டி அடக்கி வைச்சனான். நல்லாய்ப் பொங்கியிருக்கு. நீர் காணாமல் காரிலை ஏத்தினனான். உம்மை அவைக்கு முன்னாலை வெறும் கையோடை நிப்பாட்டவும் மனம் வரேல்லை. வெளியிலை எடுக்கவும் மனம் வரேல்லை." அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீர் சொல்லும். எடுக்கிறதோ, விடுகிறதோ?"

பாருங்கள், எப்படிப்பட்ட பொம்பிளை! தன் தலையில் இருந்ததைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டாள். எடுத்தால் குகை எங்களுக்குத்தான், அவள் சுட்ட தோசையை வேண்டாம் என்று சொன்ன வாயை நான் இன்னும் பார்க்கவில்லை. குகை கிடைத்தால் அவள் எனக்காக இங்கேயே கிடப்பாள், ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டாள், ஞாயிற்றுக்கிழமைகளில் போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைப்பாள். எடுக்காவிட்டால் இரண்டும் போச்சு. நான் கார் திறப்பை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். அந்த வெயிலில் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது என்ன செய்யப் போகிறேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

வந்தது மூன்று பேர். தலைமை தாங்கியவர் குட்டை முடி வெட்டிய ஒரு வெள்ளைக்காரப் பெண். மச்சாள் கல்லில் முதல் கரண்டி மாவை ஊற்றினாள். மஞ்சள் தோசை சத்தத்தோடு விரிந்தது, மேலே கண்கண்ணாகத் திறந்தது, வெங்காயமும் செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் போட்ட தாளிதத்தின் வாசம் குகை முழுக்க ஏறியது. பக்கத்து வளைவில் பீட்சா சுட்டுக்கொண்டிருந்த ஆள் தன் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். மூன்று பேரும் நின்றபடியே சாப்பிட்டார்கள். இன்னொன்று கேட்டார்கள். சம்பல் உறைத்து அந்தப் பெண்ணின் மூக்கு சிவந்தது, அதோடும் விடவில்லை. பொறுப்பாளர் வேலை இருக்கிற மாதிரி இரண்டு தரம் அந்தப் பக்கம் வந்து ஒவ்வொரு தரமும் ஒன்று வாங்கிக்கொண்டு போனார்.

விரலைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெண் கேட்டார், நீங்கள் இரண்டு பேரும் ஒவ்வொரு நாளும் இங்கே இருப்பீர்களா என்று.

மச்சாள் வாயைத் திறந்தாள். 'யெஸ்' என்று சொல்லத்தான் திறந்தாள், எனக்குத் தெரியும், அவள் உதடு போகிற போக்கே தெரியும். அதற்குள் நான் முந்திக்கொண்டேன். இல்லை, நான் மட்டும்தான், இவர் தன் மகளிடம் கனடாவுக்குப் போகிறார் என்று என் பள்ளிக்கூடக் குசினி இங்கிலீஷில் பலத்துச் சொன்னேன். குகை அதைத் திருப்பியும் சொன்னது.

அப்படியானால் மா யார் செய்வது என்று கேட்டார்.

"நான்" என்றேன். நான் பொங்க வைத்த மா என் காலடியில் மேசைக்குக் கீழே சாந்தாகக் கிடந்தது. அதைக் குதிகாலால் இன்னும் உள்ளே தள்ளினேன்.

அகப்பை மச்சாளின் கையில் அப்படியே நின்றது. ஹெல்மெட்டுக்குக் கீழே கண்ணீர் வழிந்து தாடையில் வந்து தொங்கியது. "என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறீர்? தோசை கருகுது, திருப்பும்!" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். அகப்பை அவள் கையில்தான் இருந்தது.

குகை எனக்குக் கிடைத்தது. மச்சாள் பிள்ளை பிறக்க முதல் போய்விட்டாள். ஹீத்ரோவில் அவளது பெட்டி பாரம் கூடிப்போய், மிளகாய்த்தூளை வெளியே எடுப்பதா, சேலையை வெளியே எடுப்பதா என்று தரையில் குந்தியிருந்து நாங்கள் சண்டை பிடித்தோம். மிளகாய்த்தூள்தான் போனது. சேலைகள் சின்ன அறையில் இருக்கின்றன.

இப்போது நான் தனியாகக் கரைக்கிறேன், தனியாகச் சுடுகிறேன். கடையில் சனம் இருக்கிறது. டொராண்டோவில் விடியும் நேரத்துக்கு ஒவ்வொரு நாளும் போன் வரும். பின்னால் குழந்தை அழும், மச்சாள் அதைத் தட்டிக்கொண்டே கேட்பாள், "மா பொங்கினதோ?"

பல நாள் பொங்கும். சில நாள் பொங்காது. பொங்கவில்லை என்று சொன்னால் அடுத்த பிளேனில் ஏறி வந்து நிற்பாள், அப்படிப்பட்டவள். வரட்டுமே என்று 'பொங்கேல்லை' என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வரும்.

"ஓம் மச்சாள், நல்லாய்ப் பொங்கினது" என்று சொல்கிறேன்.