செருப்போடு கோயிலுக்குள் அம்மா

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. போன வருட ஈஸ்டருக்குச் சில மாதங்களுக்கு முன், சர்க்கரை நோயால் என் அம்மாவின் வலது காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.
2. புண் ஆறியதும் தருமபுரி டாக்டர் மெத்தென்ற செருப்பு ஒன்றை எழுதிக் கொடுத்து, வீட்டுக்குள்கூட வெறுங்காலில் நடக்கக் கூடாது என்றார்.
3. காரிமங்கலம் அருகே உள்ள எங்கள் ஊர் மாதா கோயிலில், செருப்பை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும்.
4. அம்மா கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

ஞாயிறுதோறும் பீடத்தருகே நின்று பைபிள் வாசகம் வாசித்தவர், வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கோயில் ஒலிபெருக்கியைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஓசூரில் பொறியாளர். சிக்கல் என்றால் உடனே வழி தேடுகிறவள். ஃபாதரிடம் பேசட்டுமா என்றேன்.

"எனக்கு ஒருத்திக்காக ஊர் வழக்கத்த மாத்தறதா? சும்மா இரு கண்ணு" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று, இயேசு தம் சீடர்களின் பாதம் கழுவியதன் நினைவாகப் பன்னிரண்டு பேரை உட்கார வைத்து ஃபாதர் பாதம் கழுவுவார். எங்கள் ஊரில் அது எப்போதும் ஆண்கள்தான். அந்த வருடம் பெங்களூரில் வேலை பார்க்கும் பாதிப் பேருக்கு லீவு கிடைக்கவில்லை. பெண்களும் வரலாம் என்று ஃபாதர் சொல்லியும் யாரும் முன்வரவில்லை. ஃபாதருக்கு உதவியாக இருந்து ஆள் சேர்க்கும் உபதேசியார் மதியம் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"ஒரு ஆளு குறையுது பாப்பா, நீயாச்சும் வாயேன்."

ஈஸ்டர் லீவில் வந்திருந்த நான், பாடற்குழுவில் நிற்க வேண்டும் என்றேன்.

"சரி வுடு, பதினொன்னே போதும். காட்டிக் குடுத்த யூதாசக் கழிச்சிட்டதா நெனச்சுக்கலாம்" என்று அவரே சிரித்தார்.

நாற்காலியிலிருந்து அம்மா சொன்னார்: "கால் கழுவறப்ப யூதாசும் அங்கதானுங்க இருந்தான்."

உபதேசியார் அம்மா பக்கம் திரும்பினார்.

"அவன் காலையே கழுவினாரு. எங்காலக் கழுவ மாட்டாரா? எம் பேரச் சேத்துக்குங்க."

"செருப்பு..." என்று இழுத்தார் உபதேசியார்.

"கழட்டிட்டு நடக்க மாட்டேங்க. இது செருப்பில்ல, டாக்டரு குடுத்த மருந்து."

அன்று மாலைப் பூசையில் அம்மா நடுவழியே செருப்போடு நடந்தார். பாடற்குழுவில் என் பக்கத்தில் நின்ற ஊர் அக்கா ஒருவர், "வாயி தொறந்திருக்குது, பாட்டக் காணோமே" என்று என்னை இடித்தார்.

முன்னால் போய் அமர்ந்ததும் அம்மா தானே செருப்பைக் கழற்றி, இரண்டு விரல் இல்லாத காலை நீட்டினார். கோயிலே பார்த்தது. ஃபாதர் நிதானமாகத் தண்ணீர் ஊற்றி, விரலிடுக்கில் ஈரம் தங்காமல் துடைத்தார். அம்மா தலை குனியவே இல்லை.

ஈஸ்டர் விடியற்காலைப் பூசையில், கோயிலுக்குள் இன்னும் சில செருப்புகளின் சத்தம் கேட்டது. சர்க்கரையால் கால் மரத்துப்போய், வெறுங்காலில் நடக்க முடியாமல் வீட்டோடு இருந்த மூன்று பெண்கள் வந்திருந்தார்கள். இப்படியொரு கஷ்டம் இருப்பதாக அவர்கள் யாரிடமும் சொன்னதில்லை.

"உன்னச் சொல்லித்தாங்கா எங்கூட்டுக்காரர வண்டிய எடுக்க வெச்சேன்" என்று அவர்களில் ஒருவர் அம்மாவிடம் சொன்னார். பிறகு எல்லோரும் அல்லேலூயா பாடினோம். அம்மா குரல் தனியாகக் கேட்டது.

ஊர் கூடி எந்தத் தீர்மானமும் போடவில்லை. அம்மா நடந்தார், அவ்வளவுதான். அவர் மகள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இன்றும் நெஞ்சு நிமிர்கிறது. இந்த வருடம் பெரிய வியாழனுக்குப் பெண்கள் தாங்களாகவே பெயர் கொடுத்தார்கள். அம்மா மறுபடி வாசகம் வாசிக்கிறார். வாசலில் கிடந்த நாற்காலியை நான் உள்ளே எடுத்து வைத்துவிட்டேன்.