தொண்டை மந்திரிக்கப் போன பூனை

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத வந்துவிட்டதற்குப் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தூத்துக்குடியில், மெழுகுதிரிகூடக் கிடைக்காத யுத்த காலத்தில், எங்கள் பூனைக்குத் தொண்டையில் மீன்முள் சிக்கியது. இரண்டு நாளாகத் தண்ணீர்கூட இறங்கவில்லை. வாயைத் திறந்து காட்டவும் மாட்டேன் என்றது. நல்லவேளையாகத் தொண்டைக்குக் காவலான அர்ச்சியசிஷ்டவரின், அதாவது புனிதரின், திருநாள் வந்தது. அன்று எங்கள் மாதா கோயிலில் சாமியார் இரண்டு மெழுகுதிரிகளைக் குறுக்காகப் பிடித்து, ஒவ்வொருவர் கழுத்திலும் வைத்து மந்திரிப்பார். பூனையை முந்தானைக்குள் மூடிக்கொண்டு நானும் வரிசையில் நின்றேன்.

"ஏளா, உள்ள என்ன?" என்றாள் பின்னால் நின்ற பக்கத்து வீட்டு அக்கா.

"பிள்ளை" என்றேன். கூச்சத்தில் வேறொன்றும் வாயில் வரவில்லை.

"பிள்ளைக்கு இந்த வயசுலயே மீசையா?"

வரிசையே சிரித்தது. சாமியார் மட்டும் முகம் மாறாமல் பூனையின் கழுத்திலும் திரிகளை வைத்தார். அது ஒன்றைக் கவ்விக்கொண்டது.

"விடச் சொல்லும்மா, கோயில்ல இருக்கறதே இந்த ரெண்டுதான்!" என்று அவர் திரியை இழுக்க, நான் பூனையை இழுத்தேன். அது காறிய காறலில் முள் அவர் அங்கியில் போய் விழுந்தது, கூடவே அரைத் திரியும்.

மறுநாள் பூனை மூன்று சாளை மீன் தின்றது. நான் முள்ளெடுத்துக் கொடுத்தேன்.