இருபத்திரண்டு மில்லிமீட்டர்

காலர் அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். சட்டை தைக்கும் கூடத்தில் இருபது வருஷமாகக் காலர் வெட்டுகிறவள். முதலாளியே அவள் மேசைப் பக்கம் வந்தால் அடக்கித்தான் வாசிப்பார். அப்பேர்ப்பட்டவளிடம் போய், "கிட்னியை மொத்தமா எடுத்துடலாம்மா" என்று டாக்டர் சொன்னால் சும்மா இருப்பாளா?

வலது கிட்னியின் நடுவில், ரத்தக்குழாயை ஒட்டி, இருபத்திரண்டு மில்லிமீட்டர் கட்டி. ஒரு கோட்டுப் பொத்தான் அளவு. இடது கிட்னியோ பழைய கல் தொல்லையில் சுருங்கி, பேருக்குத்தான் கிடந்தது. வலதும் போனால் வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினே கதி.

"இது வளருதா, சும்மா கிடக்கா டாக்டர்?"

"பழைய ஸ்கேன் இருந்தா ஒப்பிட்டுச் சொல்லலாம். இல்லாம காத்திருக்கறது ஆபத்தும்மா."

"அளவு பார்க்காம நான் அடுத்தவங்க துணியிலகூட கத்தரி வச்சதில்ல. என் வயித்துல நீங்க வச்சிடுவீங்களா?"

பஸ் ஓட்டும் புருஷன் தலையில் அடித்துக்கொண்டான். "டாக்டர்கிட்டயே வாயாடுறியே! உசிரு மேல ஆசையே இல்லயா?"

"ஆசை இருக்கறதாலதான் வாயாடுறேன்."

எட்டு வருஷத்துக்கு முன் கல்லுக்காக ஒரு ஸ்கேன் எடுத்தது உண்மை. அந்த ஆஸ்பத்திரியையே மூடிவிட்டார்கள். படம்? வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் அவளுக்குச் சுரீரென்றது. ஐயையோ, அதை வெட்டித் தொலைத்தாயிற்றே! துணிமேல் வைத்துக் கோடு போடும் காலர் அச்சுக்கு அந்த பிளாஸ்டிக் படங்களைப் போல் தோதானது கிடையாது. கிழியாது, சுருங்காது, சாக்குக்கட்டி ஓரத்தில் வழுக்கிக்கொண்டு ஓடும்.

மறுநாள் கூடத்தில் ஆணியில் தொங்கிய அச்சுகளையெல்லாம் இறக்கி, ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஏழாவதன் ஓரத்தில் அவள் பெயரும் தேதியும். நடு வரிசைப் படங்கள் முழுசாய் இருந்தன.

"என்னம்மா இது, காலர் மாதிரி இருக்கு?" என்றார் டாக்டர்.

"மாதிரி என்ன, காலரேதான். பதினாறு இன்ச்."

விளக்குப் பலகையில் மாட்டி, படத்தின் அளவுகோலை வைத்து மூன்று முறை அளந்தார் அவர். "அப்பவே இருந்திருக்கு. கல்லைத் தேடினவங்க இதைப் பார்க்கல. பத்தொன்பது மில்லிமீட்டர்."

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா? உங்க பஸ்ஸை விட மெதுவா வருது!" சொல்லும்போதே அழுதுவிட்டாள். எத்தனை நாள் அடக்கிவைத்த பயம்!

ஊசி போட்டுத் துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். அபூர்வமான வகை, மெதுவாகத்தான் வளரும். "ஆனா புற்றுதான், மறந்துடாதீங்க. ஆறு மாசத்துக்கு ஒரு ஸ்கேன். முப்பதைத் தொட்டா அறுத்தே ஆகணும்."

"தொட்டா நானே வந்து மேசையில படுத்துக்கறேன். அதுவரைக்கும் கத்தரி என் கையிலயே இருக்கட்டும்."

படத்தை அவர் ஃபைலில் வைக்கப் போனார். வெடுக்கென்று பிடுங்கினாள். "போட்டோ எடுத்துக்குங்க டாக்டர். முந்நூறு சட்டை நிக்குது."

நான்கு வருஷமாயிற்று. நேற்றைய ஸ்கேனில் இருபத்துநாலு. கேட்டுக்கொண்டு நேரே கூடத்துக்குப் போனாள். ஆணியில் தொங்கிய தன் கிட்னியை எடுத்துத் துணிமேல் வைத்து, சுற்றிச் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, வெட்ட ஆரம்பித்தாள்.