பவளத்துக்கு மணை வார்த்த தேசப்பன்

மரக்காணம் உப்பளத்தில் முப்பது வருஷம் நின்ற கால் தேசப்பனுடையது. பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். இனி உப்புத் தண்ணீரில் வைத்தால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அளத்தை விட்டால் அவருக்குத் தெரிந்தது சீட்டாட்டம்தான், அதுவும் சுமார்.

அப்போதுதான் பாண்டிச்சேரியில் மீன் தொட்டி கடை வைத்திருக்கும் பரத் வந்தான். கண்ணாடித் தொட்டிக்குள் உயிருள்ள பவளம் வளர்க்கிறவர்களுக்குச் சாமான் விற்பவன். பவளத் துண்டு ஒட்டி வளர, ஓட்டை ஓட்டையாக ஒரு சின்ன வில்லை வேண்டும். வெள்ளைச் சிமெண்டில் கல்லுப்பைக் கலந்து சோடா மூடியில் வார்த்து, காய்ந்ததும் நல்ல தண்ணீரில் போட்டால், உப்பு கரைந்து ஓட்டை விழும். கல்யாணப் பெண்ணுக்கு மணை போடுகிற மாதிரி, பவளத்துக்கு மணை. வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே தேசப்பன் நூற்றுக்கணக்கில் வார்த்தார். காலுக்கு விடுதலை. அவர் பவள வியாபாரி ஆகிவிட்டதாக, பக்கத்து வீட்டுக்காரனான நான் அடுத்த ஊர் அனுமந்தை வரைக்கும் போய்ப் பரப்பினேன். அவர் சம்சாரம் வைஜெயந்தியிடம் ரெண்டு பேர் நகைச்சீட்டு சேரவே வந்துவிட்டார்கள்.

சிமெண்டின் சுண்ணாம்புக் காரம் பவளத்துக்கு ஆகாது. அது இறங்க வாரக்கணக்கில் தண்ணீர் மாற்ற வேண்டும். இறங்கிவிட்டதா என்று பார்க்க, நிறம் மாறும் காகிதம் ஒரு கட்டு பரத் கொடுத்திருந்தான். தேசப்பன் அதைப் பிரிக்கவே இல்லை. பாத்தித் தண்ணீரை நாக்கில் தொட்டே உப்பு என்றைக்கு விளையும் என்று சொன்னவர்; அளத்தில் நாக்குதான் மீட்டர். மூன்றாவது வாரம் ஒரு வில்லையை நக்கிப் பார்த்தார். எரியவில்லை. கொடுத்தனுப்பிவிட்டார்.

பத்தே நாளில் பரத் திரும்பி வந்தான். கஸ்டமர் தொட்டியில் பவளம் அத்தனையும் வெளுத்துச் செத்துவிட்டதாம். மிச்ச வில்லைகள் ஊறிய வாளியில் காகிதத்தை முக்கினான். கருநீலம். காரம் இறங்கவே இல்லை.

“நக்கிப் பாத்துட்டுதான்பா அனுப்புனேன்,” என்ற தேசப்பன், இன்னொன்றை எடுத்து நிதானமாக நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். “நீ பாரு.”

வெற்றிலை இல்லாமல் சுண்ணாம்பைத் தின்ற மாதிரி நாக்கு வெந்தது. “லைட்டா எரியுதுண்ணா,” என்று சமாளித்தேன். வைஜெயந்தியோ வாயில் வைத்த வேகத்தில் துப்பிவிட்டு, கொப்பளிக்க ஓடினாள்.

தேசப்பன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். “எப்பலேர்ந்துடி எனக்கு இப்டி?”

“நாலஞ்சு வருஷமா நீ சாப்பாட்ல ஒரு கொறையும் சொல்றதில்ல. திருந்திட்டேன்னு நெனச்சேன்.”

இனிமேல் காகிதத்தை வைத்தே பார்த்துத் தருவதாக அவர் பரத்திடம் கெஞ்சினார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். “செத்தது என்னுதா இருந்தா பரவால்லண்ணா. இனிமே உங்ககிட்ட வாங்குனா எவன் என்ன நம்புவான்?”

தை மாதம் அளத்தில் பாத்தி மிதித்து இறுக்க ஆள் எடுத்தார்கள். தேசப்பன் ரெண்டு காலிலும் பாலிதீன் பையைக் கட்டிக்கொண்டு இறங்கினார். மத்தியானத்துக்குள் பை கிழிந்துவிட்டது. மேலே வந்துவிடுங்கள் என்று வரப்பில் நின்று கூப்பிட்டேன்.

“வந்து?” என்றார். நான் பதில் சொல்கிற வரைக்கும் அவர் நிற்கவில்லை. மிதித்துக்கொண்டே தூரமாகப் போய்விட்டார்.