ஆறு மாத அடைப்பு

ராசப்பன் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். பள்ளி ஆண்டு விழாக்களில் நாக்கில் கற்பூரம் ஏற்றிக் காட்டி, இதில் சாமியும் இல்லை, பூதமும் இல்லை என்று விளக்குவது அவருடைய வழக்கமான நிகழ்ச்சி. ராகுகாலமாகப் பார்த்துத்தான் ஸ்கூட்டர் வாங்கினார். மகள் சௌமியாவின் கல்யாணத்துக்கு நாள் குறிக்கப் பஞ்சாங்கத்தை விரித்த ஜோசியரிடம், "மழை வருமான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றார். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் பின்னால் அவர் அடித்த குட்டிக்கரணத்தின் அழகு தெரியும்.

அவர் மனைவி கலைமணி இறந்தது ஒரு புரட்டாசியில், சதய நட்சத்திரத்தில். அந்த நட்சத்திரத்தில் சாவு விழுந்தால் ஆறு மாதம் அடைப்பு என்பார்கள். உயிர் போன இடத்தைப் பூட்டிப் புழங்காமல் விட வேண்டும். காரியம் முடிந்த அன்று, பங்காளிகளில் மூத்தவரான அங்கமுத்து தயங்கித் தயங்கித்தான் பேச்சை எடுத்தார். வாத்தியார் சண்டைக்கு வந்துவிடுவாரே என்ற பயம்.

"தம்பி, உனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை இல்லைன்னு தெரியும். ஊரு வாய்க்காகச் சொல்றேன். அந்த ஒரு ரூமை மட்டும் பூட்டிப்போட்டீன்னாப் போதும்."

"அதெப்படிங்ணா? செய்யறதைச் சரியாச் செய்யோணும். முழு ஊட்டையும் பூட்டிறலாம்."

அங்கமுத்து வாயைப் பிளந்தார். "பொண்டாட்டி மேல எத்தனை பாசம் பாரு, கொள்கையவே உட்டுப்போட்டாரு" என்று யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

கொள்கையும் இல்லை, சாஸ்திரமும் இல்லை. குளியலறைக் கொடியில் அவள் துண்டு கிடந்தது. அதைத் தாண்டிப் போய்ப் பல் துலக்க அவரால் முடியவில்லை. அறுபதைத் தாண்டிய ஆண்பிள்ளை, சொந்த வீட்டில் இருக்கப் பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? சாஸ்திரம் என்றால் யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். அவர் மட்டும்தான் கேட்பார். அவரும் அன்று கேட்கவில்லை.

மோகனூர் வீட்டைப் பூட்டிவிட்டு, நடுவில் நாமக்கல், சேலம் என்று இரண்டு பெரிய ஊர்களைப் போட்டு, அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு மாடியறையை வாடகைக்குப் பிடித்தார். மகள் வீடு பக்கம் என்று காரணம் சொன்னார். மகள் வீட்டுக்குத் தீபாவளிக்குத்தான் போனார்.

ஆறு மாதம் முடிந்தபோது பங்குனி. பங்குனியில் குடி போகக் கூடாது. சித்திரையில் அக்கினி நட்சத்திரம். ஆடியில் ஆகவே ஆகாது. புரட்டாசியில் திதி. மார்கழியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எந்த மாதத்துக்கும் ஒரு சாக்கு எடுத்துக் கொடுக்கிற அற்புதமான நூல் பஞ்சாங்கம் என்பதை வாத்தியார் வயதான காலத்தில் கண்டுபிடித்தார். இப்படியே மூன்று வருடம் போயிற்று.

ஆனி மாதக் கடைசியில் பக்கத்து வீட்டுச் சென்னியம்மாளிடமிருந்து போன் வந்தது.

"ஏனுங்க வாத்தியாரே, நல்லா இருக்கறீங்களா? நீங்க நல்லாத்தான் இருப்பீங்க. உங்க ஊட்டுனால எம்பட புள்ளை கல்யாணம் நிக்குதுங்க."

"எங்க ஊடு என்ன பண்ணுச்சு?"

"போன தையில பரமத்தியிலிருந்து மாப்பளை ஊட்டுக்காரங்க ஊடு பாக்க வந்தாங்க. பக்கத்துல இதென்னங்க, காடு மண்டிக் கெடக்குதுன்னாங்க. தெருவுல ஒரு வாயி சும்மா இருக்குதுங்களா? அடைப்பு ஊடு, பொழுது போனா உள்ளே சத்தம் கேக்குதுன்னு சொல்லிப்போட்டாங்க. வெச்ச காப்பியக்கூடக் குடிக்காமப் போயிட்டாங்க."

"என்ன சத்தம்?"

"கர்ரு கர்ருன்னு. கலைமணியக்கா கிரைண்டர்ல மாவாட்டறாங்கன்னு ஊரே பேசுது."

"மூடத்தனம்!" என்றார் ராசப்பன்.

"மூடத்தனமா இருந்துட்டுப் போகட்டுமுங்க. கொமாரபாளையத்துத் தறிக்காரங்க ஞாயித்துக்கெழமை வாராங்க. தனப்பிரியாளுக்கு இந்தப் பையனைப் புடிச்சுப் போச்சு. இதுவும் தட்டிப் போச்சுன்னா அவ சோத்துல கை வெக்க மாட்டா. நீங்க வந்து கதவைத் தொறந்து, ஒரு நாளைக்கு வாசல்ல ஒக்காந்திருங்க. காடு இருக்கட்டும், ஆளு இருந்தாப் போதும்."

சென்னியம்மாளின் மகள் தனப்பிரியா அவரிடம் பிளஸ் டூ படித்தவள். கலைமணி படுத்த படுக்கையாக இருந்தபோது தினமும் வந்து தலை வாரிவிட்டவள். மாட்டேன் என்று சொல்லப் பஞ்சாங்கத்தில் பக்கம் எதுவும் இல்லை.

சனிக்கிழமை காலை மோகனூர் போய் இறங்கினார். கேட்டைத் தள்ளுவதற்கே வேலிக்கொடியை அறுக்க வேண்டியிருந்தது. சன்ஷேடில் தேன்கூடு. துருப்பிடித்த பூட்டுக்குத் தேங்காயெண்ணெய் விட்டுத் திறந்தார். சென்னியம்மாள் தன் வீட்டுக் கேட்டிலேயே விளக்குமாற்றோடு நின்றாள்.

"உள்ளே வாயேன் அம்மிணி, கூட்டித் தரலாமல்ல?"

"மொதல்ல நீங்க போய்ப் பாருங்க. நீங்கதான் பயமில்லாதவருங்களே."

கூடத்தில் கால் வைத்ததும் சத்தம் கேட்டது. கர்ர், டக். கர்ர், டக். உள்ளறையிலிருந்து வந்தது, கலைமணி படுத்திருந்த அறை. எலியாக இருக்கலாம். வௌவாலாக இருக்கலாம். காற்றில் ஜன்னல் ஆடலாம். ஒலியியல் பாடத்தை இருபத்தைந்து தடவைக்கு மேல் நடத்தியவருக்கு அடுத்த அடி வைக்கக் கால் வரவில்லை. "கலை" என்று கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு, கூப்பிட்டதை யாராவது கேட்டிருப்பார்களோ என்று திரும்பிப் பார்த்தார்.

அறைக் கதவைத் தள்ளினார். காலியான கட்டிலுக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

அன்று அவளை வெளியே தூக்கிய அவசரத்தில் யாரும் சுவிட்சை அணைக்கவில்லை. மறுபடி அந்த அறைக்குள் யாரும் போகவும் இல்லை. அது மூன்று வருடமாக யாருக்கோ விசிறிக்கொண்டே இருக்கிறது. மின்சாரம் போனால் ஓய்வு, வந்தால் வேலை. பூட்டிய வீட்டுக்கு மின்கட்டணச் செய்தி போனில் வந்தபடி இருந்தது. வாட் கணக்கில் பூஜ்யம் மறந்த பிள்ளைகளின் தலையில் குட்டியவர், ஆளில்லாத வீட்டில் மின்சாரத்தை யார் செலவழிக்கிறார்கள் என்று ஒரு தடவைகூட யோசிக்காமல் கட்டைவிரலால் தட்டிக் கட்டிக்கொண்டிருந்தார்.

கலைமணி இருந்தால் கொன்றிருப்பாள். வெளியே கிளம்பினால் தெருமுனை வரை போய்விட்டுக்கூட, விசிறியை நிறுத்தினோமா என்று திரும்பி வருகிறவள். அவளால் இரண்டு பஸ்ஸையாவது விட்டிருப்பார்.

சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் அணைத்தார். இறக்கைகள் நிற்க நேரம் எடுத்துக்கொண்டன. நின்றபோதுதான் வீடு நிஜமாகவே காலியானது.

"ஏனுங்க, இருக்கறீங்களா? இல்ல, அக்கா கூட்டிட்டுப் போயிட்டாங்களா?" என்று கேட்டிலிருந்து குரல் வந்தது.

மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஃபேன், அம்மிணி!" என்று கத்தினார்.

"என்னது?"

"ஃபேன் ஓடிட்டு இருந்துச்சு. நிறுத்தாமப் போயிட்டேன்."

"மூணு வருசமாவா? நெசமாலுமே நீங்க பிசிக்ஸ் வாத்தியாருதானுங்களா?"

விளக்குமாறு உள்ளே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அப்பா செங்கோடன் காரைவிட்டு இறங்கியதும் முதலில் பார்த்தது இந்த வீட்டைத்தான். ராசப்பன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, சலவை வேட்டியில், பேப்பரைத் தலைகீழாகப் பிடிக்காத குறையாக உட்கார்ந்திருந்தார்.

"இது அடைப்பு ஊடுன்னு சொன்னாங்களே?"

"ஆறு மாசந்தானுங்க. அது எப்பவோ முடிஞ்சு போச்சுங்க."

"உள்ளே சத்தம் கேக்குதுன்னு..."

"பழைய ஃபேனுங்க. பேரிங் போயிருச்சு."

"அப்ப நீங்க இங்கதான் இருக்கறீங்களா?"

ராசப்பன் பேப்பரை மடித்தார். பக்கத்து வீட்டு ஜன்னல் திரைக்குப் பின்னால் தனப்பிரியாவின் முகம் தெரிந்தது.

"இங்கதானுங்க."

"நல்லதாப் போச்சு. ஆவணியில நிச்சயம் வெச்சோம்னா அடிக்கடி வருவோம். பேச்சுத் தொணைக்கு ஒரு ஆளாச்சு" என்று செங்கோடன் சென்னியம்மாள் வீட்டுக்குள் போனார். இந்தத் தடவை காப்பியைக் குடித்தார்கள். இன்னொன்று கேட்டும் குடித்தார்கள்.

கார் கிளம்பியதும் சென்னியம்மாள் மதில் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"பையெல்லாம் கட்டியாச்சுங்களா?"

"கடைசி பஸ்ஸுக்குப் போலாம்னு..."

"நாளைக்கு ஆடி பொறக்குதுங்களே. ஆடியில ஊடு மாறலாமுங்களா? நீங்கதானே சாஸ்திரம் பாக்கறவரு."

வாத்தியார் வெட்டிய குழி அவர் அளவுக்குச் சரியாகவே இருந்தது.

"ஆவணிக்கு அவங்க வரும்போது பூட்டிக் கெடந்துச்சுன்னா எம்பட புள்ளை கதி என்னாகறது? சோத்துக்கு இங்க வந்துருங்க. எந்திரிச்சு வாங்க, ஆறுது."

"வாரேன்."

பையிலிருந்த சட்டையை எடுத்துக் குளியலறைக் கொடியில், அந்தத் துண்டுக்குப் பக்கத்தில் போட்டார். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தார். கேட்டருகே போனதும் நின்றார். மதியம் புழுக்கம் தாங்காமல் உள்ளறையில் படுத்தது நினைவுக்கு வந்தது.

"இன்னும் என்னங்க?" என்றாள் சென்னியம்மாள்.

"ஒரு நிமிசம். ஃபேன்" என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குள் திரும்பிப் போனார்.