வீட்டோடு மாப்பிள்ளைக்கு என்ன ஆயில்?

காஜா நஜ்முதீன் விடிகாலையில் சுபுஹு தொழுதுவிட்டு வந்ததும் முதலில் பார்ப்பது மனைவியின் முகத்தை அல்ல, டிப்ஸ்டிக்கைத்தான். பானெட்டைத் தூக்கி, ஆயில் மட்டம் காட்டும் அந்த நீளக் கம்பியை உருவி, பழைய கைலியில் கிழித்த துணியால் துடைத்து, மறுபடி செருகி, மறுபடி உருவுவார். நுனியில் ஒட்டியிருப்பதைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பார். கண்ணை மூடி முகர்வார். பிறகு உதட்டைப் பிதுக்கி, "ராத்திரி பூரா பட்டினி கெடந்திருக்கான்" என்று சொல்லி ஒரு டம்ளர் ஆயிலை ஊற்றுவார்.

அந்த 'அவன்' பதினைந்து வயதான ஒரு டர்போ டீசல் கார். மகள் நௌஷினுக்கு நிக்காஹ் நடந்த வருடம் வாங்கியது என்பதால் மாப்பிள்ளை என்றே பெயர் விழுந்துவிட்டது. அசல் மாப்பிள்ளை ஆபித் ஷார்ஜாவில் இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து, பத்து நாள் விருந்து சாப்பிட்டு, பெல்ட்டில் ஒரு ஓட்டை தள்ளிப் போட்டுக்கொண்டு விமானம் ஏறிவிடுவார். காரோ வீட்டோடு மாப்பிள்ளை. நஜ்முதீன் வீட்டில் மாப்பிள்ளை 'போதும்' என்று கையால் மறித்த பிறகுதான் பரிமாறுவதே தொடங்கும். கார் பாவம், அதற்கு மறிக்கக் கையில்லை.

மனிதருக்கு அறுபத்திரண்டு வயது. காரைக்கால் கடைத்தெருவில் பெயின்ட் கடை. எந்த நாளில் பார்த்தாலும் நகக்கண்ணில் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். வாடிக்கையாளர் முன்னால் டப்பாவைத் திறந்து, குச்சியால் கலக்கி, தூக்கிப் பிடித்துக் காட்டுவார். சரசரவென்று ஒழுகினால் "தண்ணி". கனத்து, தயங்கி, மனசில்லாமல் சொட்டினால் "சரக்கு". நாற்பது வருடமாக இந்தச் சட்டத்தை வைத்துத்தான் பிழைக்கிறார். அதையே இன்ஜின் ஆயிலுக்கும் கொண்டுபோனதில்தான் வம்பு வந்தது.

காரைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது என்று சொன்னால் பாவம் சேரும். எங்கே போய் வந்தாலும் இன்ஜினைச் சட்டென்று அணைக்க மாட்டார். இரண்டு நிமிடம் சும்மா ஓடவிடுவார். "ஓடி வந்தவன ஒடனே படுன்னா படுப்பானா? டர்போ கொதிச்சுப் போயி கெடக்கும். சூடு எறங்கட்டும்" என்பார். அது சரியான பேச்சுதான். ஆனால் மீன் பையை மடியில் வைத்துக்கொண்டு அந்த இரண்டு நிமிடமும் உள்ளே உட்கார்ந்திருப்பவர் மனைவி மெஹர் பானு. "ஒங்க மாப்புள சூடு எறங்குறதுக்குள்ள எனக்கு ஏறிப்போவுது" என்பார்.

மூன்று மாதத்துக்கு முன் பெய்த மழையில் தெருத்தண்ணீர் கூடம் வரை வந்து எட்டிப் பார்த்தது. நஜ்முதீன் ரோஷப்பட்டு வாசலை இரண்டடி உயர்த்திக் கட்டி, கார் ஏறச் சரிவும் போட்டார். கட்டியதென்னவோ குட்டை போர்ட்டிகோ. முன் சக்கரம் மேலே ஏறினால் பின் சக்கரம் சரிவிலேயே நின்றுவிடும். "எறங்க ஒரு ஏணி வாங்கித் தாங்க" என்று மெஹர் பானு தினமும் கேட்கிறார்.

ஏறக்குறைய அந்த நாளிலிருந்துதான் கார் நீலமாகப் புகை விடத் தொடங்கியது. பின்னால் வருகிற டூவீலர்க்காரர்கள் இருமிக்கொண்டே முந்திப் போய், திரும்பி ஒரு பார்வை பார்த்தார்கள். காருக்குப் பதினைந்து வருடப் பதிவு முடிகிறது. வருகிற வியாழக்கிழமை ஆய்வு. புகையோடு போனால் பதிவு நீட்டிக்க மாட்டார்கள். "இந்த தடவ தேறலன்னா பழைய இரும்புக்குப் போட்டுருங்க. வாக்கு குடுங்க" என்று மெஹர் பானு கேட்க, நௌஷின் போனில் கேட்டுக்கொண்டிருந்ததால் நஜ்முதீனும் வீறாப்பாகக் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

குற்றவாளி ஆயில்தான் என்று புகை வந்த முதல் நாளே தீர்மானித்திருந்தார். அன்றிலிருந்தே ஊரெல்லாம் யோசனை கேட்டார். முதலில் ஆயில் கடைக்காரர், இந்தக் காருக்குக் கம்பெனி சொல்லியிருக்கும் ஃபைவ் டபிள்யூ ஃபார்ட்டி என்ற ரகத்தைக் கொடுத்தார். நஜ்முதீன் குச்சியை விட்டுத் தூக்கிப் பார்த்தார். சரசரவென்று ஒழுகியது. "இது ஆயிலா, ரோஸ்மில்க்கா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பட்டினச்சேரியில் விசைப்படகு ஓட்டும் கருப்பையன், "போட்டுக்கு ஊத்துறத ஊத்துங்க பாய். கடல்லயே தாங்குது, ரோட்டுல தாங்காதா?" என்றார். ஊற்றினார். புகை குறையவில்லை. கடைசியில் ஷார்ஜாவிலிருந்து கப்பல் பார்சலில் ஒரு டின் வந்தது. அரபி எழுத்து, ஒட்டகப் படம், உள்ளே ட்வென்ட்டி டபிள்யூ ஃபிஃப்டி என்ற கெட்டி ரகம். பேரீச்சம்பழப் பாகு பதத்தில் இருந்தது. அசல் மாப்பிள்ளை கார் மாப்பிள்ளைக்கு அனுப்பிய சீர். நஜ்முதீன் குச்சியைத் தூக்கினார். சொட்டே விழவில்லை. "சரக்குன்னா இதான்!" என்று தெருவையே கூப்பிட்டுக் காட்டிவிட்டு அதை ஊற்றினார்.

மறுநாள் காலை கார் கிளம்பும்போது கீச்சென்று அழுதது. புகை இன்னும் தாராளமாக வந்தது.

புதன்கிழமை வேறு வழியில்லாமல் வரிச்சிக்குடியில் பட்டறை வைத்திருக்கும் கலைவாணனிடம் போனார். கலைவாணன் ஸ்பானரைத் தொடவே இல்லை. பட்டறைக்குப் பின்னால் நெல் காயவைக்கும் சிமென்ட் களம் இருந்தது. காரை அங்கே தட்டையாக நிறுத்தச் சொல்லி, இன்ஜினை அணைக்கவைத்து, "பத்து நிமிஷம் பேசாம இருங்க பாய்" என்றார். நஜ்முதீன் மூன்று நிமிடம் தாக்குப்பிடித்தார். மீதி ஏழு நிமிடமும் ஒட்டகப் படம் போட்ட டின்னைப் பற்றிப் பேசினார்.

கலைவாணன் கம்பியை உருவிப் பார்த்தார். ஆயில் கம்பியின் மேல்கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை ஏறி நின்றது.

"என்ன பாய், கழுத்து வரைக்கும் ஊத்தி வச்சிருக்கீங்க?"

"கொறஞ்சாத்தான தம்பி வம்பு? கொஞ்சம் கூட இருந்தா பரக்கத்துதான, பெருகத்தான செய்யும்?"

"சோத்துக்கு பரக்கத்து. இன்ஜினுக்கு மௌத்து, உசுரே போயிரும். மிச்ச ஆயில் போக்கெடம் இல்லாம டர்போ பக்கம் ஏறிப் போயி எரியுது. அதான் பொகை. எரிஞ்சு கொறைய கொறைய, குடிக்குதுன்னு திரும்ப ஊத்துறீங்க. எங்க நிறுத்தி மட்டம் பாக்குறீங்க?"

"வீட்டு வாசல்லதான். புதுசா ஏத்திக் கட்டுனேன்ல, முன் சக்கரம் மேல, பின் சக்கரம்..." என்றவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"அதேதான். வண்டி அண்ணாந்து நின்னா ஆயில் பின்னால ஓடிரும். கம்பி முன்னால இருக்கு. அது பாவம், கொறைச்சலாத்தான காட்டும்?"

நஜ்முதீன் களத்தின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். மூன்று மாதமாகத் தன் கையாலேயே அவனுக்கு மூச்சு முட்ட ஊட்டியிருக்கிறோம் என்று நினைத்ததும் எழுந்து போய் முன் சக்கரத்தைத் தடவிக் கொடுத்தார். கலைவாணன் அதைப் பார்க்காதவர்போல் டாஷ்போர்டைத் திறந்து கையேட்டை எடுத்தார். பதினைந்து வருடமாகப் பிளாஸ்டிக் உறை பிரியாமல் அது கற்போடு இருந்தது.

"இதுல போட்டிருக்குறதுதான் ஊத்தணும். டர்போ நிமிஷத்துக்கு லட்சம் சுத்து சுத்தும் பாய். காலைல சாவி போட்ட ஒடனே ஆயில் அங்க போய் நிக்கணும். ஒங்க ஒட்டக ஆயில் கைலிய மடிச்சுக் கட்டிகிட்டு மெதுவா நடந்து போயி சேர்றதுக்குள்ள பேரிங் தேஞ்சிரும். வண்டி பழசுன்னு கெட்டியா ஊத்த வேணாம். சரியான ரகமா ஊத்தி, சீக்கிரமா மாத்துங்க. அது போதும்."

பாகு முழுவதையும் வடித்து, ஃபில்டரை மாற்றி, ரோஸ்மில்க் என்று நஜ்முதீன் வைத மெல்லிய ஆயிலையே ஊற்றினார். மேல்கோட்டுக்கு ஒரு நூல் கீழே நிறுத்தினார். "ஒரே ஒரு டம்ளர்..." என்று நஜ்முதீன் இழுத்தார். கலைவாணன் மூடியைத் திருகி இறுக்கிவிட்டு, கை கழுவப் போனார்.

வியாழக்கிழமை மெஹர் பானுவும் கூடவே வந்தார். கணவர் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறாரா என்று பார்க்கத்தான் வந்ததாகச் சொல்லிக்கொண்டார். ஆனால் ஆய்வாளர் அம்பலவாணன் இன்ஜினை முடுக்கச் சொன்னபோது அவர் கை முந்தானையைப் பிசைந்துகொண்டிருந்தது. நஜ்முதீன் மிதித்தார். விசில்போல் டர்போ மெலிதாகப் பாடியது. வால்குழாயிலிருந்து சூடான காற்று வந்தது, புகை இல்லை. மெஹர் பானு, "அல்ஹம்துலில்லாஹ்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, சொன்னது தான் இல்லை என்பதுபோல வேறு பக்கம் பார்த்தார்.

அம்பலவாணன் கையெழுத்துப் போட்டார். காகிதத்தைக் கொடுக்காமல் கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தினார். "பாய், என் வண்டியும் பழைய டர்போதான். அந்தா, மதிலோரம் நிக்குது பாருங்க. காலைல வந்து நிறுத்துனதும் மட்டம் பாத்து ஊத்துறேன், ஊத்துறேன், கொறஞ்சுகிட்டே போவுது. ஒரே பொகை. நீங்க என்ன ஆயில் ஊத்துறீங்க?"

மூன்று மாதமாக ஊரெல்லாம் தான் கேட்டலைந்த கேள்வி. நஜ்முதீன் கைலியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மதிலோரம் நடந்தார். அந்தக் காரின் முன் சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்துத் தரையில் குறுக்காக வைத்து, விரலை மெல்ல விலக்கினார். பேனா ஒரு நொடி யோசித்தது; பிறகு பின் சக்கரத்தை நோக்கி உருளத் தொடங்கியது.